ஒரே சாய்கோடு, இரண்டு வேர்கள்: சேர்வரில் கோப்புப் பாதையும் இணைய முகவரியும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒரு பாடசாலைக்கோ கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அறுகம்பேயில் ஒரு தங்குமிடத்துக்கோ சிறிய இணையத்தளம் செய்பவர்கள் வழக்கமாகப் போகும் வழி ஒன்றுதான். விண்டோஸ் மடிகணினியில் சாம்ப் (சொந்தக் கணினியிலேயே வெப் சேர்வர் ஓட்டும் தொகுப்பு) நிறுவி, பிஎச்பி மொழியில் எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்த்து, பிறகு லினக்ஸ் ஓடும் பகிர்வு ஹோஸ்டிங்குக்கு ஏற்றுவார்கள். ஏற்றியதும் படங்கள் வராது. அல்லது பக்கம் ஸ்டைல் ஏதுமின்றி வெறும் எழுத்தாக நிற்கும். அல்லது "ஃபெயில்ட் டு ஓப்பன் ஸ்ட்ரீம்" என்ற எச்சரிக்கை வரும். மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: சேர்வர் தன் டிஸ்கில் கோப்பைத் தேடும் பாதையையும் பிரவுசர் கேட்கும் முகவரியையும் ஒன்றாக எண்ணி எழுதியிருப்பார்கள்.

இரண்டிலும் சாய்கோடு இருப்பதால்தான் இந்தக் குழப்பம். சிபேனல் வகை ஹோஸ்டிங்கில் தளத்தின் கோப்புகள் /ஹோம்/பயனர்பெயர்/பப்ளிக்_எச்டிஎம்எல்/ என்ற இடத்தில் இருக்கும். அந்தப் பாதையின் முதற் சாய்கோடு முழு டிஸ்கின் வேர். பிரவுசருக்கோ முதற் சாய்கோடு என்பது டொமைனின் வேர், அதாவது அந்தப் பப்ளிக்_எச்டிஎம்எல் கோப்புறை. எனவே பக்கத்தில் /படங்கள்/வாவி.ஜேபிஜி என்று எழுதினால் படம் தெரியும். அதே சரத்தை அப்படியே பிஎச்பியின் ஃபைல்_எக்ஸிஸ்ட்ஸ் செயற்கூறுக்குக் கொடுத்தால் "இல்லை" என்றே பதில் வரும். அது டிஸ்கின் வேரில் படங்கள் என்றொரு கோப்புறையைத் தேடுகிறது, அப்படி ஒன்று அங்கே கிடையாது.

எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கும். டிஸ்க் பாதையைப் படத்தின் முகவரியாக அச்சிட்டால் பிரவுசர் டொமைனுக்குப் பின்னால் /ஹோம்/பயனர்பெயர்/... என்று ஒட்டிக் கேட்கும், "கிடைக்கவில்லை" என்னும் 404 பதில் வரும். அதோடு ஹோஸ்டிங் கணக்கின் பயனர்பெயரும் பக்கத்தின் மூலநிரலில் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நாங்கள் வலியுறுத்தும் ஏற்பாடு எளியது. அமைப்புக் கோப்பு ஒன்றில் இரண்டு மாறிலிகளை வையுங்கள். ஒன்று டிஸ்க் வேர், மற்றது தளத்தின் அடிமுகவரி. கோப்பைத் திறப்பது, எழுதுவது, அழிப்பது எல்லாம் முதலாவதிலிருந்து தொடங்க வேண்டும். பிரவுசருக்கு அனுப்பும் ஒவ்வொரு இணைப்பும் இரண்டாவதிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதை உண்டாக்கும் வேலையை ஒரே ஒரு செயற்கூறு செய்யட்டும். இருபது இடங்களில் சரத்தை வெட்டி ஒட்டும் தளத்தில், டொமைன் மாறும் நாளில் இருபது இடங்களும் உடையும்.

சார்புப் பாதை எங்கிருந்து எண்ணப்படுகிறது

"பாலம் தாண்டி இடப்பக்கம்" என்று வழி சொன்னால், நகரிலிருந்து கல்லடிக்குப் போகிறவருக்கு ஓர் இடம், கல்லடியிலிருந்து நகருக்கு வருகிறவருக்கு வேறோர் இடம். சார்புப் பாதையும் அப்படித்தான், நிற்கும் இடம் தெரியாமல் அதற்குப் பொருள் இல்லை. பிஎச்பியில் இரு புள்ளிகளுடன் ../அமைப்பு.பிஎச்பி என்று இன்குளூட் செய்தால், அது அந்த வரி எழுதப்பட்டிருக்கும் கோப்பிலிருந்து எண்ணப்படுவதில்லை. அப்போதைய வேலைக் கோப்புறையிலிருந்து எண்ணப்படுகிறது. வெப் சேர்வர் வழியாக ஓடும்போது வேலைக் கோப்புறை என்பது முதலில் அழைக்கப்பட்ட பக்கம் இருக்கும் கோப்புறை.

விளைவைப் பாருங்கள். உறுப்புகள் என்ற கோப்புறைக்குள் தலைப்பு.பிஎச்பி இருக்கிறது, அது ../அமைப்பு.பிஎச்பியைக் கேட்கிறது. நிர்வாகம் கோப்புறைக்குள் இருக்கும் பக்கம் அந்தத் தலைப்பை அழைத்தால் எல்லாம் சரியாக நடக்கும், ஏனெனில் அங்கிருந்து ஒரு படி மேலே போனாலும் தளத்தின் வேர்தான். முகப்புப் பக்கம் அதே தலைப்பை அழைத்தால், ஒரு படி மேலே என்பது பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கும் வெளியே போய்விடும். ஒரு பக்கம் திறக்கிறது, மற்றது திறக்கவில்லை, இரண்டும் அழைப்பது ஒரே கோப்பை. புதிதாகப் பழகுகிறவர்கள் மணிக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

குறித்த நேரத்தில் சேர்வரில் தானாக ஓடும் கிரோன் வேலைகளில் நிலைமை இன்னும் மோசம். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பி, ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறைக்குத் தானாக மாறாது. கிரோன் வழக்கமாகப் பயனரின் வீட்டுக் கோப்புறையிலிருந்து தொடங்கும். ஆகவே பிரவுசரில் அழைத்தால் நன்றாக ஓடும் தரவுப் பிரதி ஸ்கிரிப்ட், இரவில் தானாக ஓடும்போது கோப்பைக் காணாமல் நின்றுவிடும். கிரோனின் வெளியீட்டை ஒருவரும் பார்க்காவிட்டால், பிரதி எடுக்கப்படவே இல்லை என்பது தரவு தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

மருந்து, இருபக்கமும் இரட்டை அடிக்கோடு இட்ட டிர் மாறிலி (__DIR__). தான் எழுதப்பட்டிருக்கும் கோப்பின் கோப்புறையை அது எப்போதும் முழுப் பாதையாகத் தரும். 2009 இல் வந்த பிஎச்பி 5.3 முதல் இருக்கிறது. அதன் இறுதியில் சாய்கோடு இராது, நீங்களே சேர்க்க வேண்டும். மறந்தால் "உறுப்புகள்அமைப்பு.பிஎச்பி" என்று ஒட்டிப்போன பெயரை எச்சரிக்கையில் காண்பீர்கள். பல படி மேலே போக, பிஎச்பி 7.0 முதல் டிர்நேம் செயற்கூறின் இரண்டாவது மதிப்பாகப் படிகளின் எண்ணிக்கையைக் கொடுக்கலாம்.

பிரவுசரின் பக்கத்தில் சார்பு முகவரிக்கு வேறு விதி. இப்போதைய முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டு, அங்கே புதியதை ஒட்டும். 2005 ஜனவரியில் வெளியான, இணைய முகவரிகளுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 3986 இதைப் படிப்படியாக வரையறுக்கிறது. /வினாத்தாள் என்ற பக்கத்தில் பாணி.சிஎஸ்எஸ் என்று எழுதினால் /பாணி.சிஎஸ்எஸ் கேட்கப்படும். /வினாத்தாள்/ என்று ஈற்றில் சாய்கோடு இருந்தால் /வினாத்தாள்/பாணி.சிஎஸ்எஸ் கேட்கப்படும். உண்மையான கோப்புறை என்றால் அப்பாச்சி வெப் சேர்வர் 301 (வேறு முகவரிக்குப் போ என்ற பதில்) கொடுத்து ஈற்றுச் சாய்கோட்டைத் தானே சேர்த்துவிடும். ரீரைட் விதியால், அதாவது டிஸ்கில் இல்லாத முகவரியைச் சேர்வர் உள்ளுக்குள் வேறொரு கோப்புக்குத் திருப்பும் விதியால், உண்டான முகவரிக்கு அந்த உதவி இல்லை.

ரீரைட் இருக்கும் தளத்தில் இன்னொரு பொறியும் உண்டு. /வினாத்தாள்/2023/கணிதம் என்ற பக்கத்திலிருந்து பிரவுசர் தவறான இடத்தில் ஸ்டைல் கோப்பைக் கேட்கும். கிடைக்காத எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பும் விதி இருந்தால், சேர்வர் 404 சொல்லாமல் 200 (சரி) என்று சொல்லி முகப்பின் எச்டிஎம்எல்லை ஸ்டைல் கோப்பாக அனுப்பும். உள்ளடக்க வகை பொருந்தாததால் பிரவுசர் அதை ஒதுக்கிவிடும். எனவே பிரவுசரின் டெவலப்பர் கருவியிலுள்ள நெட்வொர்க் தட்டில் பச்சையாக 200 தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம், அருகிலுள்ள உள்ளடக்க வகையையும் பாருங்கள்.

இந்தப் பிரதேசத்துத் தளங்களுக்குத் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தேவைப்படுவதால், பின்னாளில் முகவரியின் முன்னால் ஒரு மொழிப் படி சேர்வது வழக்கம். அந்த ஒரு படி போதும், படங்களுக்கும் ஸ்டைல் கோப்புக்கும் எழுதிய சார்பு இணைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிசகும். முதல் நாளே அடிமுகவரியிலிருந்து எழுதியிருந்தால் மாற்ற வேண்டியது ஒரு வரிதான்.

அந்த அடிமுகவரியை எங்கிருந்து எடுப்பது? கோரிக்கையோடு டொமைனின் பெயரைச் சொல்லி வரும் ஹோஸ்ட் தலைப்பிலிருந்து எடுப்பது சுலபம், ஆனால் அதை அனுப்புவது பிரவுசர். யார் வேண்டுமானாலும் வேறு பெயரை எழுதி அனுப்பலாம். கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சலின் இணைப்பை அதிலிருந்து கட்டினால், மீட்புக் குறியீட்டோடு கூடிய இணைப்பு தாக்குபவரின் டொமைனைச் சுட்டும்படி செய்துவிட முடியும். அடிமுகவரியை அமைப்புக் கோப்பில் கையால் எழுதிவையுங்கள். மடிகணினியில் லோக்கல்ஹோஸ்ட்/பாடசாலை/ என்று உட்கோப்புறையில் ஓடுவதும், நிஜத் தளம் டொமைனின் வேரில் ஓடுவதும் இன்னொரு தொல்லை. சாம்ப்பில் தளத்துக்கென ஒரு வேர்ச்சுவல் ஹோஸ்ட் (தனிப் பெயரும் தனி வேர்க் கோப்புறையும் கொண்ட அமைப்பு) அமைத்துவிட்டால் இரண்டு இடத்திலும் வேர் ஒரே மாதிரி இருக்கும். அரை மணி நேர வேலை, பலன் பெரிது.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, விண்டோஸில் வழமையாக ஒன்றே. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு கிடையாது என்றாலும், கமராவிலிருந்து வரும் படங்களின் ஜேபிஜி நீட்சி பெரிய எழுத்தில் இருக்கும், நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். மடிகணினியில் படம் தெரியும், சேர்வரில் தெரியாது. கோப்பை ஏற்றும் செயற்கூறிலேயே நீட்சியைச் சிறிய எழுத்தாக மாற்றிவிடுங்கள்.

பின்சாய்கோட்டை நிரலில் எழுதவே தேவையில்லை. விண்டோஸில் ஓடும் பிஎச்பியும் முன்சாய்கோட்டை ஏற்கும். இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கிலச் சிறிய டி எழுத்து வந்தால் அது டேப் ஆகிவிடும், என் வந்தால் புதுவரி ஆகிவிடும். பாதை பார்வைக்குச் சரியாக இருக்கும், கோப்பு மட்டும் கிடைக்காது.

தமிழ்ப் பெயர்கள்

எங்கள் கவனம் கூடுதலாகப் போக வேண்டிய இடம் இது, ஆங்கிலக் கையேடுகள் அதிகம் பேசாததும் இதுவே. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். மட்டக்களப்பு என்பது கண்ணுக்கு 8 எழுத்து, புள்ளியும் உகரக் குறியும் தனியே எண்ணப்படுவதால் யூனிகோடில் 12 குறியீடு, டிஸ்கில் 36 பைட், முகவரியில் 108 எழுத்து. மண்முனை தென் எருவில் பற்று என்ற பிரதேச செயலகப் பிரிவின் பெயர், இடைவெளிகளோடு சேர்த்து டிஸ்கில் 72 பைட், முகவரியில் 216 எழுத்து. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்புமுறையில் ஒரு கோப்புப் பெயருக்கு உச்சம் 255 பைட், அதாவது ஏறத்தாழ 85 தமிழ்க் குறியீடு. சுற்றுநிருபத்தின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக இட்டால் அந்த வரம்பை எளிதில் முட்டும். தரவுத்தளத்தில் முகவரியைச் சேமிக்கும் புலத்தை 255 எழுத்து என்று வைத்திருந்தாலும், விரிந்த வடிவம் அதில் அடங்காது போகலாம்.

அடுத்தது கொக்கட்டிச்சோலைச் சிக்கல். கொ, சோ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுதாக ஒரே குறியீடாக இருக்கலாம். அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனி இரண்டு குறியீடாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளில் கொக்கட்டிச்சோலை முதல் வடிவில் 45, இரண்டாம் வடிவில் 51. லினக்ஸ் கோப்புமுறை பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும், எனவே ஒரே கோப்புறையில் "ஒரே பெயரில்" இரண்டு கோப்புகள் இருப்பதைக் காணலாம். பொத்துவில், திருக்கோவில் என்ற பெயர்களுக்கும் இதே கதி. பழைய மக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது, அங்கிருந்து வந்த கோப்புகளில் இது அடிக்கடி தென்படும். உள்ளே வரும் எந்தப் பெயரையும், முகவரியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும், பிஎச்பியின் இன்டில் நீட்சியிலுள்ள நோர்மலைசர் வகுப்பால், ஒகரக் குறி ஒரே குறியீடாக நிற்கும் ஒருங்கிணைந்த சி வடிவத்துக்கு (என்எஃப்சி) மாற்றிய பிறகே சேமிப்பதும் தேடுவதும் வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த காலத்துக் கோப்புகள் இன்னும் அலுவலகங்களில் நிறைய இருக்கின்றன. பாமினியில் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. அந்தப் பழக்கத்தில் பெயரிட்ட கோப்பின் பெயர் உண்மையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கோவை. லினக்ஸ் கட்டளை வரியில் அரைப்புள்ளி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்கும். டொம்கெட் போன்ற ஜாவா சேர்வர்கள் முகவரியில் அரைப்புள்ளிக்குப் பின்னுள்ளதைப் பாதையின் பகுதியாகவே கொள்ளாது. ஏற்றுவதற்கு முன் பெயரை மாற்றுவதே நல்லது.

இடைவெளிக்கும் ஒரு பொறி. யூஆர்எல்என்கோட் செயற்கூறு இடைவெளியைக் கூட்டல் குறியாக்கும், ரோயூஆர்எல்என்கோட் %20 ஆக்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் கூட்டல் குறி இடைவெளியாகப் படிக்கப்படும், பாதைப் பகுதியில் அது வெறும் கூட்டல் குறிதான். "மண்முனை வடக்கு.பிடிஎஃப்" என்ற கோப்புக்கு முதலாவதைப் பயன்படுத்தினால் 404. பாதைக்கு எப்போதும் ரோ வகையே சரி, அதுவும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக. முழுப் பாதையையும் ஒன்றாகக் கொடுத்தால் சாய்கோடுகளும் குறியேற்றப்படும் (சதவீதக் குறி வடிவமாகும்), அத்தகைய முகவரியை அப்பாச்சி வழமையான அமைப்பில் 404 என்று திருப்பிவிடும். கோப்புப் பெயரில் # இருந்தால் குறியேற்றாமல் விடவே கூடாது. # இற்குப் பின்னுள்ளதைப் பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சேர்வரின் பதிவேடான லொக்கில்கூட அது பதிவாகாது.

.இலங்கை என்று முடியும் டொமைன்கள் 2010 முதல் சாத்தியம். டொமைன் பகுதிக்கு வேறு விதி: தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் எழுதும் பியூனிகோட் வடிவத்துக்கு மாறும், சதவீதக் குறி அங்கே வராது. முழு முகவரியையும் ஒரே செயற்கூறில் போட்டுக் குறியேற்றினால் டொமைனும் கெடும், பாதையும் கெடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு எங்கள் துணிபு இது: ஏற்றப்படும் ஆவணத்தை டிஸ்கில் எண்ணாலோ எழுந்தமானமான ஆங்கிலக் குறியாலோ பெயரிடுங்கள். தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வையுங்கள். பதிவிறக்கும்போது கொன்டென்ட்-டிஸ்பொசிஷன் தலைப்பில், யூடிஎஃப்-8 ஐ அறிவித்து எழுதும் நட்சத்திரக் குறியிட்ட ஃபைல்நேம் அளபுருவில் அந்தப் பெயரைக் கொடுங்கள். வாசகரின் கணினியில் கொக்கட்டிச்சோலை.பிடிஎஃப் என்றே இறங்கும், சேர்வர் அந்தப் பெயரைத் தொடவேண்டியதில்லை. பக்க முகவரிகளில் தமிழ் இருக்கட்டும், வாசிப்பவருக்கு அது அழகு. அங்கே டிஸ்கில் கோப்பைத் தேடும் வேலை இல்லை, தரவுத்தள ஒப்பீடு மட்டுமே.

பாதை வழியே நுழைபவர்கள்

கோப்பின் பெயரை முகவரியிலிருந்து எடுத்து நேரே திறக்கும் ஸ்கிரிப்ட் எதுவும் ஆபத்து. ../ என்று நாலைந்து முறை எழுதி அமைப்புக் கோப்பின் தரவுத்தளக் கடவுச்சொல்லை வாசித்துவிடலாம். ../ ஐத் தேடி நீக்குவது காப்பல்ல: ....// என்று அனுப்பினால் நடுவிலுள்ளது நீங்கி மீதி ../ ஆக ஒட்டிக்கொள்ளும். பேஸ்நேம் செயற்கூறும் தமிழ்ப் பெயர்களுக்கு உறுதியல்ல. அது லோக்கேலை, அதாவது சேர்வரின் மொழி, எழுத்து அமைப்பைப் பொறுத்து இயங்கும், லோக்கேலுக்கு ஒவ்வாத எழுத்துகள் வந்தால் விளைவு வரையறுக்கப்படவில்லை என்று பிஎச்பி கையேடே சொல்கிறது.

செய்ய வேண்டியது: டிஸ்க் வேரோடு பெயரை ஒட்டி ரியல்பாத் செயற்கூறிடம் கொடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் அது ஃபோல்ஸ் தரும், அங்கேயே நிறுத்துங்கள். இருந்தால் வரும் முழுப் பாதை அனுமதித்த கோப்புறையில் தொடங்குகிறதா என்று பாருங்கள், ஈற்றுச் சாய்கோட்டையும் சேர்த்து. சாய்கோட்டை விட்டால் ஆவணங்கள் என்ற கோப்புறைக்கான அனுமதி, ஆவணங்கள்_பழையவை என்ற கோப்புறைக்கும் கிடைத்துவிடும். பெயரே வாங்காமல் எண்ணை வாங்கித் தரவுத்தளத்தில் தேடினால் இந்தச் சோதனைக்கே வேலை குறைவு. ஏற்றப்படும் கோப்புகளைப் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே வைத்தால் இன்னும் நல்லது.

பெரிய மென்பொருள்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2021 ஒக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பில், இரண்டாவது புள்ளியைச் சதவீதக் குறியில் எழுதினால் மேலே ஏறும் பாதை என்று சேர்வர் கண்டுகொள்ளாத ஓட்டை வெளிவந்தது. 2.4.50 இல் செய்த திருத்தம் இரட்டைக் குறியேற்றத்தைத் தடுக்கவில்லை, 2.4.51 இல்தான் மூடப்பட்டது. குறிநீக்கத்தை (சதவீதக் குறி வடிவத்தை எழுத்தாக மீட்பதை) முழுதாக, ஒரே தடவை செய்துமுடித்துவிட்டு அதன் பின்பே பாதையைச் சோதிக்க வேண்டும் என்ற வரிசை நம் சிறிய ஸ்கிரிப்டுக்கும் பொருந்தும். என்ஜின்எக்ஸ் வெப் சேர்வரைப் பயன்படுத்துவோர், ஒரு முகவரியை (லொக்கேஷன்) டிஸ்க் கோப்புறையோடு இணைக்கும் அலியாஸ் கட்டளையைக் கவனிக்க: /படங்கள் என்ற லொக்கேஷனின் ஈற்றில் சாய்கோடு இல்லாமல், அலியாஸ் பாதையின் ஈற்றில் மட்டும் சாய்கோடு இருந்தால், /படங்கள்../ என்று கேட்பவர் ஒரு படி மேலுள்ள கோப்புறையை எட்டிவிடுவார். இரண்டின் ஈற்றிலும் சாய்கோடு வேண்டும்.

கோளாறைத் தேடும்போது ஊகிக்க வேண்டாம். ஒரு சோதனைப் பக்கத்தில் நான்கு மதிப்புகளை அச்சிடுங்கள்: டிர் மாறிலி, கெட்சிடபிள்யூடி தரும் வேலைக் கோப்புறை, சேர்வர் மாறியிலுள்ள டொக்யுமென்ட்_ரூட், ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ. கடைசியானது குறிநீக்கப்படாமல், கேள்விக்குறிப் பகுதியோடு வரும். படிவத்தின் எக்ஷன் முகவரிக்குப் பிஎச்பி_செல்ஃப் மதிப்பை நேரே அச்சிடும் பழக்கம் பாடக்குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. முகவரியின் பின்னால் எழுதப்படும் எதுவும் அதில் சேரும், ஸ்கிரிப்ட் துண்டும் அடங்கலாக, ஆகவே எக்ஷனை வெறுமையாக விடுங்கள். பிறகு அணுகல் லொக்கில் பிரவுசர் உண்மையில் எந்தப் பாதையைக் கேட்டது என்று பாருங்கள், பிழை லொக்கில் பிஎச்பி எந்தப் பாதையைத் தேடியது என்று பாருங்கள். அணுகல் லொக்கின் பாதை தவறாக இருந்தால் திருத்த வேண்டியது இணைப்பை எழுதிய வரியை, பிழை லொக்கின் பாதை தவறாக இருந்தால் கோப்பைத் திறந்த வரியை. இரண்டும் சரியாகத் தெரிந்தும் கோப்பு கிடைக்காவிட்டால், டிஸ்கிலுள்ள பெயரின் பைட் நீளத்தை எஸ்டிஆர்லென்னால் அளந்து நிரலிலுள்ள பெயரின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பொத்துவில் ஓரிடத்தில் 30, மற்ற இடத்தில் 33 என்று வந்தால் காரணம் பிரிந்து நிற்கும் அந்த ஒற்றைக் கொம்பு. சோதனை முடிந்ததும் அந்தப் பக்கத்தைச் சேர்வரிலிருந்து அழித்துவிடுங்கள்.